ஹாஃப் டோம் ஏறப் போகிறீர்களா? முதலில் இறங்கப் பழகுங்கள்

வாசகி கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். மார்ச் மாதக் குலுக்கலில் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் ஹாஃப் டோம் பாறை மலைக்கு நான்கு பேருக்குப் பெர்மிட் விழுந்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை. நான் (44), கணவர் (48, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார்), மகன் (16), ஊரிலிருந்து வந்திருக்கும் தம்பி (38). எனக்கு மாடிப்படி இறங்கினால் இடது முட்டி வலிக்கும், ஏறும்போது ஒன்றும் இல்லை. கடைசிப் பாறையில் பிடித்துக்கொண்டு ஏறும் இரும்புக் கேபிளைப் படத்தில் பார்த்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. அதனால் ஜிம்மில் கைக்குப் பயிற்சி ஆரம்பித்திருக்கிறேன். தம்பி வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவன், ‘இதெல்லாம் ஒரு மலையா அக்கா’ என்கிறான். வெள்ளி இரவு பதினொரு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பி, விடியற்காலை நடக்க ஆரம்பித்து, சனி இரவே வீடு திரும்புவதாகத் திட்டம். பத்து வாரம் இருக்கிறது. எப்படித் தயாராவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

குலுக்கலில் பெயர் விழுந்ததே பெரிய விஷயம். ஒரு நாளைக்கு மொத்தம் 300 பேரைத்தான் கேபிளுக்கு விடுகிறார்கள். அதிலும் ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்குச் சுமார் 225 இடம். மூன்று வருடம் பணம் கட்டி, மூன்று வருடமும் ‘கிடைக்கவில்லை’ என்ற மின்னஞ்சலை வாங்கி, கடைசியில் ஒரு தோழியின் பெர்மிட்டில் தொற்றிக்கொண்டு போனவள் நான். கொஞ்சம் பொறாமையோடுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பிசியோதெரபிஸ்ட்டாக எனக்குக் கண்ணில் பட்டவை மூன்று: இடது முட்டி, ஜிம்மில் கைப்பயிற்சி, சனி இரவே வீடு திரும்புவது. கேபிள் பயத்தைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

கணக்கைப் பாருங்கள். நடை தொடங்கும் இடமான ஹாப்பி ஐல்ஸிலிருந்து உச்சிக்குப் போய்த் திரும்ப, எந்தப் பாதை என்பதைப் பொறுத்து 14 முதல் 16 மைல். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஹாப்பி ஐல்ஸுக்கே அரை மைல் நடக்க வேண்டும், அது தனி. ஏற வேண்டிய உயரம் 4,800 அடி. இதில் கேபிள் இருக்கும் பகுதி 400 அடிதான். பத்துப் பன்னிரண்டு மணி நேர நடையில், கூட்டம் குறைவாக இருந்தால், கேபிளில் ஏற ஒரு அரை மணி, இறங்க ஒரு அரை மணி. ஹாஃப் டோம் போய்விட்டு என்னிடம் நொண்டிக்கொண்டு வருகிறவர்களில் இதுவரை ஒருவர்கூடக் கை வலி என்று வந்ததில்லை. முட்டி, கணுக்கால், கறுத்துப்போன கட்டைவிரல் நகம். மூன்றும் இறக்கத்தில் வாங்கி வருபவை.

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. மூச்சு வாங்கும், வியர்க்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிரேக் வேலை. யோசெமிட்டி போகும் 120-ஆம் சாலையில் பிரீஸ்ட் கிரேட் என்ற செங்குத்தான இறக்கத்தில் முன்னால் போகும் வண்டியிலிருந்து ஒரு தீய்ந்த வாசனை வருமே, அதுபோலத்தான். மூச்சு வாங்காததால் தசை களைத்துவிட்டது நமக்குத் தெரியாது. சில மைல் இறங்கியபின் திடீரென்று கால் நடுங்கும், அப்புறம் ஒவ்வொரு படியும் முட்டிச்சில்லின் தலையில் விழும். உங்கள் இடது முட்டி மாடிப்படியிலேயே இதை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கடிதத்தை வைத்து முட்டியைச் சோதிக்க முடியாது. வீக்கம் இருந்தாலோ, நடுவில் சிக்கிக்கொண்டு மடக்க முடியாமல் போனாலோ, திடீரென்று கால் விட்டுக்கொடுத்தாலோ இந்த வாரமே யாரிடமாவது நேரில் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லாமல், இறங்கும்போது மட்டும் முட்டிச்சில்லுக்குப் பின்னால் வலிக்கிறது என்றால், பத்து வாரம் நல்ல அவகாசம்.

வீட்டு மாடிப்படியின் கடைசிப் படியில் இடது காலில் நில்லுங்கள். கைப்பிடியை லேசாகத் தொட்டுக்கொள்ளலாம். வலது காலை முன்னால் நீட்டி, மனதுக்குள் நான்கு எண்ணியபடி மெல்ல இறக்கி, குதிகாலால் தரையைத் தொடுங்கள். தொடத்தான் வேண்டும், எடையைப் போடக் கூடாது. மறுபடி மேலே வாருங்கள். முதல் தடவை கண்ணாடி முன் செய்து பாருங்கள். இடது முட்டி உள்பக்கமாகக் கோணிக்கொண்டு போனால் பிரச்சினை முட்டியில் குறைவு, இடுப்பின் பக்கவாட்டுத் தசையில் அதிகம். முட்டி கால் பெருவிரலுக்கு நேராக நிற்கும்படி பார்த்துக்கொண்டு பத்துப் பத்தாக மூன்று முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு காலுக்கும். படி உயரமாக இருந்தால் தரையில் இரண்டு தடித்த புத்தகத்தை வைத்து அதைத் தொடுங்கள், வாரம் ஒன்றாக எடுத்துவிடலாம். ஐந்தாவது வாரத்திலிருந்து முதுகில் பையை மாட்டிக்கொண்டு. செய்யும்போது பத்துக்கு மூன்று அளவு வலி பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அது போய்விட வேண்டும். போகவில்லையென்றால் அன்று அதிகம் செய்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

கைப்பயிற்சியை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் ஜிம்மில் கைக்கு ஒரு நாள் என்றால் காலுக்கு மூன்று நாள் கொடுங்கள்.

அடுத்து உங்கள் ஊர் மலை, மிஷன் பீக். ஃப்ரீமாண்டில் இருந்துகொண்டு வேறு எங்கும் தேட வேண்டாம். ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ பக்கத்திலிருந்து ஏறினால் போக வர ஆறு மைல், 2,100 அடிக்குப் பக்கத்தில். யோசெமிட்டியில் ஹாப்பி ஐல்ஸிலிருந்து நெவாடா அருவியின் தலைக்குப் போவதும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஒரு மிஷன் பீக் ஏறி முடித்தால் நெவாடா அருவியில் நிற்கிறீர்கள், இன்னும் பாதிக்கு மேல் பாக்கி.

முதல் நான்கு வாரம் வாரம் ஒருமுறை சாதாரணமாக. ஐந்திலிருந்து ஏழு வரை, அன்று போடப்போகும் அதே ஷூ, அதே பை, பையில் நான்கு லிட்டர் தண்ணீர். எட்டாவது வாரம் இரண்டு முறை: ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி. அங்கே நிழல் கிடையாது, திறந்ததும் போய்விடுங்கள். முதல் முறை இறங்கி வந்ததும் உங்கள் கார் அங்கேயே நிற்கும். ஏசி, வீடு, சனிக்கிழமை மதியச் சாப்பாடு எல்லாம் பத்தே நிமிடத் தூரம். அந்தக் காரைத் தொடாமல் திரும்பி மலையைப் பார்த்து நடப்பதுதான் அன்றைய பயிற்சி. இரண்டாவது இறக்கத்தில் எது வலிக்கிறதோ அதுதான் ஆகஸ்டிலும் வலிக்கும். பாதத்தில் எங்கே கொப்புளம் வருகிறது, பையின் எந்த வார் தோளை அறுக்கிறது, எல்லாம் அன்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு நல்ல விஷயம், இறக்கத்தால் ஒருமுறை நன்றாக வலித்த தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு அவ்வளவு வலிக்காது. அதனால்தான் பெரிய பயிற்சியை இரண்டு வாரம் முன்னால் வைக்கிறேன். கடைசிப் பத்து நாள் சும்மா தெருவில் நடந்தால் போதும். கடைசி வாரம் பயம் வந்து இன்னொரு மிஷன் பீக் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

தம்பி விஷயம். வெள்ளியங்கிரி ஏறியவரை நான் குறைத்துப் பேசமாட்டேன், அது மலைதான். ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள். வெள்ளியங்கிரிக்கு மூங்கில் கம்பு இல்லாமல் போனாரா? அங்கே அடிவாரத்தில் எல்லோரும் கம்பு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறார்கள், இறங்கும்போது அது இல்லாமல் முடியாது என்று அனுபவம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. இங்கே அதையே இரண்டு கையிலும், அலுமினியத்தில். நான்கு பேருக்கும் மடக்கக்கூடிய ட்ரெக்கிங் கம்பு வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். மடக்கக்கூடியது ஏன் என்றால், கேபிளில் இரண்டு கையும் வேண்டும், கம்பு பைக்குள் போக வேண்டும். இறங்கும்போது நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு, காலுக்கு முன்னால் கம்பு தரையைத் தொட வேண்டும். பலர் கம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருவார்கள், அதில் பிரயோஜனமே இல்லை. இன்னொன்று, வெள்ளியங்கிரியைப் பெரும்பாலும் இரவுக் குளிரில் ஏறுவார்கள். ஆகஸ்ட் யோசெமிட்டியில் பள்ளத்தாக்கு 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும், அந்த வெயிலில்தான் கடைசி ஐந்து மைல் இறங்குவீர்கள். தம்பியும் ஒரு மிஷன் பீக் மதியமாவது வரட்டும்.

கணவருக்கு: போகும் முன் அவருடைய மருத்துவரிடம் ‘பன்னிரண்டு மணி நேர மலையேற்றம், வெயில்’ என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லிக் கேளுங்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகள் நீரை வெளியேற்றும், சில இதயத் துடிப்பை ஏறவிடாது. எது அவருடையது என்று தெரிந்துகொள்வது அவசியம். நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு, வலி வரும் முன்பே இபுபுரூஃபன் போட்டுக்கொண்டு கிளம்புவது. சில அழுத்த மாத்திரைகளோடு, உடம்பில் நீரும் குறைந்திருக்கும்போது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். உங்கள் முட்டிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வலியை மறைத்துவிட்டு இறங்குவது எனக்குப் பிடிக்காத காரியம்.

சரி, அந்த நாளுக்கு வருவோம்.

காலை நான்கு மணிக்கு நடக்க ஆரம்பியுங்கள். ஒவ்வொருவர் தலையிலும் ஒரு ஹெட்லாம்ப், போன் டார்ச் கணக்கில் சேராது. காரில் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள், கரடி கதவைப் பிய்த்துவிடும். நிறுத்துமிடத்தில் இரும்புப் பெட்டிகள் இருக்கும். ஊறுகாய் பாட்டில், சூயிங் கம், பற்பசைவரை வாசனை உள்ள எல்லாம் அதற்குள்.

முக்கால் மைலில் வெர்னல் அருவிப் பாலம். கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் இருக்கின்றன. சுத்திகரித்த தண்ணீர் வழியில் இங்கே மட்டும்தான், அப்புறம் கிடையாது. பூங்காக்காரர்கள் ஆளுக்கு ஒரு காலன், ஏறக்குறைய நான்கு லிட்டர், என்கிறார்கள். அதை முழுவதும் கீழிருந்தே சுமக்க வேண்டியதில்லை. இரண்டு லிட்டரோடு ஏறி, நெவாடா அருவிக்கு மேலே லிட்டில் யோசெமிட்டி வேலி என்ற சிறு பள்ளத்தாக்கில் மெர்செட் ஆற்றில் வடிகட்டியால் வடிகட்டி எல்லாப் பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள். தெளிவாக ஓடுகிறதே என்று அப்படியே குடித்தால் ஒரு வாரம் கழித்து வயிறு பேசும். அங்கிருந்து உச்சிக்குப் போய் மறுபடி அதே ஆற்றுக்கு வரும்வரை நம்பக்கூடிய தண்ணீர் இல்லை. அந்த ஏழு மைலில்தான் பலருக்குத் தீர்ந்துபோகிறது.

பெண்களுக்கு ஒன்று. கழிப்பறை இல்லை என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்கும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், முதல் தடவை நானும் அப்படித்தான். வெர்னல் அருவிக்கு மேலே, நெவாடா அருவிக்குப் பக்கத்தில், லிட்டில் யோசெமிட்டி வேலியில் என்று மூன்று இடத்தில் கழிப்பறை உண்டு. அதற்கு மேல் காடுதான். பாதையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் நூறடி இருநூறடி தள்ளிப் போங்கள். காகிதத்தை ஒரு ஜிப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. தலைசுற்றி விழுவதுதான் நான்கு பேர் பார்க்கிற மாதிரி ஆகும்.

சாப்பாட்டில் நம்மவர்களை அடித்துக்கொள்ள முடியாது. கிளம்பும் முன் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி இரண்டு மூன்று. வழிக்குப் புளிசாதம், ஆளுக்கு ஒரு கைப்பிடி அளவில் தனித்தனிப் பொட்டலமாக. ஒரே டப்பாவில் கொண்டுபோனால் உட்கார்ந்து விரித்து முக்கால் மணி நேரம் போய்விடும், வயிறு நிறைய சோறு விழுந்தபின் ஏறவும் முடியாது. தயிர்சாதத்தை அந்த வெயிலுக்கு நம்பமாட்டேன். கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், அப்புறம் உப்பில் ஊறிக் காய்ந்த நார்த்தங்காய். நான்கு மணி நேரம் வியர்த்தபின் வாயில் ஒரு துண்டு நார்த்தங்காயை ஒதுக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். வெறும் தண்ணீரையே மணிக்கணக்கில் குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் வரும். தாகத்துக்குக் குடியுங்கள், கூடவே உப்பும் போகட்டும். ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும்.

நெவாடா அருவியில் ஒரு நிறுத்தம். தண்ணீர் பார்க்க அமைதியாக இருக்கும், பாறை சோப்பு மாதிரி. யாரும் கால் நனைக்க இறங்காதீர்கள், செல்ஃபிக்காகத் தடுப்பைத் தாண்டாதீர்கள். 2011 ஜூலையில் வெர்னல் அருவியின் தலையில் தடுப்பைத் தாண்டிப் போன மூன்று பேரை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. பதினாறு வயதுப் பையனுக்கு இதைக் கிளம்பும் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள். அங்கே வந்து சொன்னால் காதில் ஏறாது.

இப்போது நேரம். நான் முதல் தடவை போனபோது திரும்பும் நேரம் என்று எதையும் முடிவு செய்யவில்லை. ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்’ என்று சொல்லிச் சொல்லியே மதியம் இரண்டரைக்கு உச்சியில் நின்றேன், அங்கே ஒரு மணி நேரம் படம் எடுத்தேன். இருட்டியபோது அருவிகளை ஒட்டிப் போகும் மிஸ்ட் ட்ரெயில் பாதையின் கல்படிகளுக்கு மேலே இருந்தோம். போன் செத்துவிட்டது. ஊருக்கெல்லாம் முட்டியைப் பற்றிப் பாடம் எடுப்பவள், ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து வந்தேன். பின்னால் வந்த ஒரு வயதான தம்பதி தங்கள் விளக்கில் எங்களைக் கீழே கூட்டி வந்தார்கள். அன்றிலிருந்து என் விதி: பன்னிரண்டு மணிக்குள் சப் டோம் (கேபிளுக்கு முன்னால் வரும் சிறிய பாறைக்குன்று) அடிவாரத்தில் இல்லையென்றால், எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் திரும்புவது. மேகம் திரண்டால் பத்து மணியானாலும் திரும்புவது. கோடையில் இடி மின்னல் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். 1985 ஜூலையில் உச்சியில் இருந்தவர்கள் மேல் மின்னல் இறங்கி இரண்டு பேர் இறந்தார்கள். 2024 ஜூலையில் மழையில் நனைந்த பாறையில், கேபிளில் இறங்கிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் சறுக்கி விழுந்து இறந்தார். காய்ந்த பாறையில் ஷூ நன்றாகப் பிடிக்கும், நனைந்துவிட்டால் அதே இடம் வேறு இடம்.

சப் டோமுக்குக் கீழே ரேஞ்சர் பெர்மிட் கேட்பார். நெட்வொர்க்கை நம்பாமல் அச்சடித்து எடுத்துப்போங்கள், அடையாள அட்டையும் வேண்டும். விண்ணப்பத்தில் குழுத் தலைவர் அல்லது மாற்றுத் தலைவர் என்று பெயர் போட்டவர்களில் ஒருவராவது கூட இருக்க வேண்டும்.

கேபிள். 1860-களில் இந்தப் பாறையை அளக்க வந்த மாநிலப் புவியியலாளர், மனிதக் கால் இதில் படவே படாது என்று எழுதிவைத்தார். 1875-இல் ஜார்ஜ் ஆண்டர்சன் என்பவர் பாறையில் துளை போட்டு இரும்பு வளையம் அடித்து, அதைப் பிடித்தே ஏறிவிட்டார். அதே ஆண்டு சாலி டச்சர் என்ற பெண்ணும் ஏறியிருக்கிறார். அவருக்கு இருந்தது கயிறும் வளையமும். உங்களுக்கு 1919-இல் வந்த இரும்பு வடம், இடுப்பு உயரத்தில் இரண்டு பக்கமும். பத்தடிக்கு ஒரு ஜோடிக் கம்பம், அவற்றின் காலடியில் குறுக்கே ஒரு மரக்கட்டை.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தோட்ட வேலைக்கு விற்பார்களே, உள்ளங்கையில் ரப்பர் பூசியது, அது போதும். முதல் கட்டையிலிருந்து இரண்டாவது கட்டைக்கு என்று மட்டும் பாருங்கள். நூறு வருடமாக ஷூ தேய்த்து நடுப்பாறை வழவழவென்று ஆகியிருக்கும், அதனால் பாதம் முழுவதையும் தட்டையாகப் பதிக்க வேண்டும், நுனிக்காலில் நின்றால் வழுக்கும். கையால் உடம்பை இழுக்க ஆரம்பித்தீர்களானால் பத்தாவது கட்டையில் தோள் செத்துவிடும். கால் தள்ளட்டும், கை பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு கட்டையிலும் நின்று மூன்று மூச்சு. மேலே இருப்பவர் உறைந்துபோய் நின்றால் வடத்துக்கு வெளியே போய்த் தாண்டாதீர்கள், காத்திருங்கள். இறங்கும்போது பாறையைப் பார்த்து, ஏணியில் இறங்குவதுபோல் பின்னாலேயே இறங்குங்கள், உயரம் கண்ணில் படாது. இடுப்புப் பட்டையும் இரண்டு கொக்கியும் கொண்டுவருகிறவர்கள் உண்டு. கம்பத்துக்குக் கம்பம் ஒரு கொக்கியை மாற்றும்போது இன்னொன்று மாட்டியே இருக்க வேண்டும். பயம் இருப்பவர்களுக்கும் உங்கள் பையனுக்கும் நான் அதைத்தான் சொல்வேன், முன்பே வீட்டில் மாட்டிக் கழற்றிப் பழகியிருந்தால்.

உள்ளங்கை வியர்ப்பதைப் பற்றி வெட்கப்பட வேண்டாம், எனக்கு இன்னும் வியர்க்கிறது. கேபிளின் அடியில் பத்து நிமிடம் உட்கார்ந்து ஏறுகிறவர்களைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் மூச்சு அடங்கினால் ஏறலாம். அடங்கவில்லையென்றால் அங்கேயே உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடலாம், அந்த இடத்துக்கு வந்தவர்கள் ஏற்கெனவே பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தைப் பல தடவை ஏறியவர்கள். ஒன்றை மட்டும் இப்போதே நான்கு பேரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்: யாராவது ‘நான் வரவில்லை’ என்றால், ‘சும்மா வா, ஒன்றும் ஆகாது’ என்று யாரும் சொல்லக் கூடாது. முக்கியமாகத் தம்பி. ‘இதெல்லாம் ஒரு மலையா’ என்று சொல்பவர்கள் கூட இருந்தால்தான் பயந்தவர்கள் ஏறக்கூடாத நேரத்தில் ஏறுகிறார்கள்.

இறங்கும்போது நெவாடா அருவியிலிருந்து மிஸ்ட் ட்ரெயிலில் இறங்காமல் ஜான் மியூர் ட்ரெயிலில் வாருங்கள். ஒரு மைலுக்கு மேல் அதிகம்தான், கடைசி நேரத்தில் எல்லோரும் குறுக்குவழியைத்தான் பார்ப்பார்கள், பையன் நிச்சயம் முணுமுணுப்பான். ஆனால் மிஸ்ட் ட்ரெயிலில் வெர்னல் அருவிப் பகுதியில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட கல்படி. ஒவ்வொன்றும் உங்கள் வீட்டுப் படியைவிட உயரம். ஜான் மியூர் வளைந்து வளைந்து சாய்வாக இறங்கும், உங்கள் முட்டி நன்றி சொல்லும். இறக்கம் தொடங்கும் முன் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்து, குதிகாலைப் பின்னுக்கு இடித்துவிட்டு, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்தால் கட்டைவிரல் நகம் கறுக்காது.

கடைசியாகக் கார். உங்கள் கடிதத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது இதுதான். வெள்ளிக்கிழமை முழுவதும் வேலை பார்த்துவிட்டு, இரவு பதினொன்றுக்குக் கிளம்பி நான்கு மணி நேரம் ஓட்டி, தூங்காமல் பன்னிரண்டு மணி நேரம் நடந்து, மறுபடி இருட்டில் அதே பிரீஸ்ட் கிரேட் வளைவுகளில் நான்கு மணி நேரம். முப்பத்தாறு மணி நேரம் கண் மூடாமல் இருந்தவர் ஸ்டியரிங் பிடிக்கிறார், மற்ற மூவரும் தூங்குகிறார்கள். கேபிளில் போடும் அதே கவனத்தை இதற்கும் போடுங்கள். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து மதியமே கிளம்புங்கள். வெள்ளி, சனி இரண்டு இரவும் எல் போர்ட்டல், மாரிபோசா, குரோவ்லாண்ட் என்று எங்கே கிடைக்கிறதோ அங்கே அறை எடுங்கள். ஆகஸ்ட் வாரக்கடைசி, இன்றே தேடினால்தான் உண்டு. பள்ளத்தாக்குக்குள் பெட்ரோல் பங்க் இல்லை, வெளியிலேயே நிரப்பிவிடுங்கள்.

ஞாயிறு காலை அறை வாசல் படியில் நான்கு பேரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்குவீர்கள். திங்கள்கிழமை இன்னும் மோசமாக இருக்கும், அது தசை வலி, புதன்கிழமைக்குள் போய்விடும். புதன் தாண்டியும் இடது முட்டி வீங்கியிருந்தால் மட்டும் வந்து காட்டுங்கள்.